பன்னிரண்டு மணிக்குள் கரையேறுங்கள்: தைபே பக்கம் ஓடையேறப் போகிறவர்களுக்கு

தைவானுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் ஆட்களுக்கு முதல் கோடையிலேயே ஓர் ஆசை வந்துவிடும். உள்ளூர் நண்பர்கள் ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டுமாக ஓடை நடுவே நின்று எடுத்த படத்தைப் பார்த்ததும், "நாமும் ஒரு இருபது பேர் கிளம்பலாமா?" என்று குரூப்பில் யாராவது கேட்பார். மலைப்பாதையில் கொஞ்சம் நடந்து, ஓடையில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறிப் போகும் இந்த ரிவர் டிரேசிங் இங்கே கோடையில் பலரும் செய்வதுதான். எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு இதை ஏற்பாடு செய்யும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. அந்த உரிமையில் சொல்கிறேன்: இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். காலை எட்டுக்குத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு ஓடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பஸ், சாப்பாடு, ஆள் கணக்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

காரணம் மதிய மழை. கோடையில் வட தைவானில் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற மலை மேல் மேகம் திரண்டு, மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாது. மேலே எங்கோ பெய்தது கொஞ்ச நேரத்தில் உங்கள் முழங்காலுக்கு வந்து சேரும். இது கோடையில் மட்டும் நடப்பதும் இல்லை. 2021 அக்டோபர் 16 அன்று நியூ தைபேயின் ஷுவாங்ஷி பகுதியில் ஹூபாவ் மடுவுக்குப் பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு குழு போயிருந்தது. ஓடையின் குறுக்கே இருந்த தடுப்பணையைக் கடக்கும்போது திடீரென்று வெள்ளம் ஏறி ஆறு பேரை அடித்துக்கொண்டு போனது. ஆறு பேரும் பிழைக்கவில்லை. இதை நான் ஒவ்வொரு முறையும் குரூப்பில் எழுதுவேன். கேட்டுவிட்டு ஓரிருவர் பின்வாங்கினால் நல்லதுதான்.

நாள் குறிப்பது: மே, ஜூனில் நாள்கணக்கில் தூறும் பிளம் மழை ஓய்ந்த பிறகு, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஆனால் புயல் காலமும் அதே மாதங்கள்தான். புயல் அடித்த வாரத்தில் போகவே கூடாது. வெயில் காய்ந்தாலும் மலை தன்னுள் வைத்திருக்கும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்கும், பாறைகளும் இடம் மாறியிருக்கும். வானிலைத் துறை மணிக்கு 40 மில்லிமீட்டர் அல்லது 24 மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழைக்கு வாய்ப்பு என்றால் கனமழை எச்சரிக்கை விடும். அந்த எச்சரிக்கை வந்திருந்தால் பயணம் ரத்து. அதைப் பற்றிக் குரூப்பில் வாக்கெடுப்பெல்லாம் நடத்தாதீர்கள். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் கிளம்பும் முன் ரேடார் படத்தில் ஓடையின் தலைப்பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

உள்ளூர்க்காரர்களையும் அழைக்கிறீர்கள் என்றால் பேய் மாதம், அதாவது ஆவிகள் உலவும் என்று இங்கே நம்பும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், எப்போது வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆகஸ்டை ஒட்டி வரும். அந்த மாதத்தில் நீர்நிலைப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லி வளர்த்திருப்பார்கள். நமக்கோ ஆடிப்பெருக்கு என்றால் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். என் அலுவலக நண்பர் ஒருவர் இதைக் கேட்டு அசந்துபோய்விட்டார்.

இடம், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு, தைபேக்குத் தெற்கே மலைக்குள் இருக்கும் ஊலாய் பக்கம் ஜியாஜியூலியாவ் ஓடை. நான்ஷி ஆற்றில் வந்து கலக்கும் சின்ன ஓடை இது. ஷிண்டியன் மெட்ரோ வாசலில் 849 பஸ் பிடித்தால் ஊலாய்க்குச் சற்று முன்னால் இறங்கி, சிவப்புப் பாலத்தைக் கடந்து பாதைக்குப் போய்விடலாம். எனக்கு இந்த இடம் பிடிப்பதற்குக் காரணம், ஓடையோடு கூடவே மலைப்பாதையும் வருவது. ஏறும்போது தண்ணீரில், இறங்கும்போது பாதையில். ஈரப்பாறையில் ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் பின்னாலிருந்து தள்ளும். நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றாலும் ஒருவரைத் துணைக்குக் கொடுத்துப் பாதை வழியே அனுப்பிவிடலாம். மேலே பாறையே சறுக்குமரம் போல வழவழப்பாகி ஆழமான மடுவில் போய் முடிகிற இடம் ஒன்று உண்டு. எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். அந்தந்தப் பருவத்தில் ஓடை எப்படி இருக்கிறது, தடை ஏதும் போட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பாலத்தருகே அறிவிப்புப் பலகை இருந்தால் சீனம் தெரிந்த ஒருவரை நிறுத்தி முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இருபது பேர் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் தெரியமாட்டார். நான்கு பேருக்கு ஒரு அனுபவசாலி என்று பிரித்து, முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் நிரந்தரமாக. கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. உங்கள் கூட்டத்தில் யாருமே முன்னே போனதில்லை என்றால் வழிகாட்டியோடு போங்கள். ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் தைவான் டாலரில் சாமான், காப்பீடு எல்லாம் சேர்த்தே கொடுக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆள் சேர்க்கும்போது "நீச்சல் தெரியுமா?" என்று குரூப்பில் பொதுவாகக் கேட்காதீர்கள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், கிணற்றில் கால் நனைத்த கதைதான் வரும். நம்மில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியாது, அதில் வெட்கமில்லை. லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரிந்தவருக்கும் கட்டாயம் என்று வைத்துவிட்டால் தெரியாதவருக்குக் கூச்சம் போய்விடும்.

செருப்பு விஷயத்தில் மட்டும் நான் யாரையும் விடுவதில்லை. ரப்பர் செருப்பு, கிராக்ஸ், ஓட்டப்பயிற்சி ஷூ எதுவும் ஆகாது. அடிப்பாகத்தில் கம்பளி அட்டை போல ஃபெல்ட் ஒட்டிய ஓடை ஷூ தூண்டில் சாமான் கடைகளில் கிடைக்கும். பாசி படிந்த பாறையில் சாதா ரப்பர் வழுக்கும் இடத்தில் இது பிடித்து நிற்கும். ஆனால் அதே ஃபெல்ட் சேற்றுப் பாதையில் சோப்பு மாதிரி சறுக்கும். அதனால் இறக்கத்துக்கு வேறு ஷூ பையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதையில் குட்டிக் குட்டி அடியாக வையுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி. சீக்கிரம் காயும் முழுக்கால் உடை போதும். துப்பட்டா வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கழுத்துப் பட்டை வாங்கிவிடுங்கள். மடுவில் விழுந்த கண்ணாடி விழுந்ததுதான். போனை நீர்புகாப் பையில் போட்டு, அதையும் இன்னொரு பையில் போடுங்கள்.

தண்ணீரில் நடப்பதைப் பாலத்தருகிலேயே முழங்கால் ஆழத்தில் ஒத்திகை பார்த்துவிடலாம். கடக்கும்போது முகம் ஓட்டம் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். காலைத் தூக்காமல் நகர்த்த வேண்டும். ஒரு கால் ஊன்றிய பிறகுதான் அடுத்தது. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடியும். அடித்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால் முன்னே நீட்டி மிதக்க வேண்டும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். ஒரு விசில் என்றால் நில், மூன்று என்றால் ஆபத்து. நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ யாரையும் கேட்காமல் உடனே கரையேறுங்கள். பக்கவாட்டில், உயரமான கரைக்கு. போட்டோ எடுத்துக்கொண்டிருப்பவரையும் இழுத்துக்கொண்டு.

மடுவில் குதிப்பதற்கு ஒரே விதி: ஒருவர் இறங்கி ஆழம் பார்க்காமல் யாரும் குதிக்கக் கூடாது. போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் மணல் மேடு இருக்கலாம். தலைகீழாகப் பாய்வது எப்போதுமே கிடையாது. பத்தே முக்காலுக்கு மடுவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தைவானில் அவசர உதவிக்கு 119. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் ஊரில் இருக்கும் ஒருவரிடம் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கோடைக் கடைசியில் குளவிக் கூடுகள் பெரிதாக இருக்கும். சென்ட் அடிக்காதீர்கள், பாதையோரப் புதரைக் கம்பால் தட்டாதீர்கள். கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும் பொடிக் கறுப்புக் கொசு ஒன்று இங்கே பிரசித்தம், பூச்சித் தைலம் அவசியம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரைதான். நல்லெண்ணெய் விட்டு முந்தின இரவே கலந்து வைத்தால் மதியம் வரை கெடாது. தயிர்சாதம் இந்த வெயிலில் பையிலேயே புளித்துவிடும். செவன் இலெவன் முக்கோணச் சோற்றுருண்டை சுலபம்தான், ஆனால் சைவக்காரர்கள் உள்ளே என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். கரையேறிய பிறகு சாப்பிடுங்கள், ஓடை நடுவில் இலை விரிக்காதீர்கள். ஒரு பருக்கை, ஒரு கவர் அங்கே விழக் கூடாது. பக்கத்தில் அட்டயால் பழங்குடியினர் வாழ்கிறார்கள், இது அவர்களுடைய இடம்.

மதியத்துக்கு மேல் ஊலாய்க்குப் போய் வெந்நீர் ஊற்றில் குளித்து, பழைய கடைவீதியில் மூங்கில் சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம். வார இறுதியில் மாலை பஸ்ஸில் கூட்டம் நெரியும், நாலு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஃபெல்ட் ஷூவை அன்றைக்கே அலசி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். செலவுக் கணக்கையும் அன்றிரவே குரூப்பில் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை ஆகிவிட்டால் யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள்.