அனுமன்தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, அப்புறம் தீர்த்தமலை: ஒரே நாளில் முறையாகப் போய்வருவது எப்படி

தருமபுரி மாவட்டத்து அரூரில் இருந்து காரில் நேராகத் தீர்த்தமலை அடிவாரத்துக்குப் போய், மலை ஏறி, சாமி கும்பிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். கும்பிட்டது கும்பிட்டதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த முறை வேறு. முதலில் தென்பெண்ணை ஆற்றில் அனுமன்தீர்த்தத்தில் முழுக்கு, அந்த ஈரத் தலையோடு தீர்த்தமலை ஏறி ராமர் தீர்த்தத்தில் இன்னொரு முழுக்கு, அதற்கப்புறம்தான் மலைக் கோவிலில் இருக்கிற சிவன், தீர்த்தகிரீஸ்வரர். ஆற்றை விட்டுவிட்டு மலைக்கு மட்டும் போனால் கதையைப் பாதியில் இருந்து கேட்ட மாதிரிதான். இரண்டையும் சேர்த்து எப்படிப் போவது, என்ன எடுத்துப்போவது, எங்கே ஜாக்கிரதையாக இருப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த வரிசை ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ராவணனை வதம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் ராமர் இந்த மலையில் சிவபூஜை செய்ய நினைத்து, அபிஷேகத்துக்குக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். அனுமன் வரத் தாமதமாகிவிட்டது. பூஜை நேரம் தவறக்கூடாது என்று ராமர் பாறையில் பாணம் விட, அங்கேயே நீர் பீறிட்டது. அதுதான் ராமர் தீர்த்தம். அவ்வளவு தூரம் போய்த் தண்ணீர் கொண்டுவந்த அனுமன், பூஜை முடிந்துபோனதைப் பார்த்துக் கோபத்தில் கையில் இருந்ததை வீசி எறிந்தார். அது போய் விழுந்த இடம் பெண்ணையாற்றங்கரை, அனுமன்தீர்த்தம். அவர் மனம் ஆறும்படி ராமர் சொன்னதுதான் இன்றைய வழக்கம்: முதலில் உன் தீர்த்தத்தில் நீராடிவிட்டு அப்புறம் என்னுடையதில் நீராடுகிறவர்களுக்கே முழுப் பலன். என் ஆயா (பாட்டி) இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "சிரமப்பட்டு வந்தவனுக்குத்தான் முதல் மரியாதை" என்று சேர்த்துச் சொல்வார். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த ஊர்கள் இரண்டும் பிடிக்கும்.

சரி, போகும் வழி. அனுமன்தீர்த்தம் ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் நடுவே, கிருஷ்ணகிரி மாவட்டமும் தருமபுரி மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் இருந்து வருகிறவர்கள் ஊத்தங்கரை வந்து அரூர் பஸ் ஏறினால் போதும், ஆற்றுப் பாலத்தை ஒட்டியே இறங்கிக்கொள்ளலாம். தருமபுரியில் இருந்து வந்தால் அரூர் வந்து ஊத்தங்கரை பஸ். ரயிலில் வருகிறவர்களுக்கு அரூர் பக்கம் போக மொரப்பூர், ஊத்தங்கரை பக்கம் போக சாமல்பட்டி. குளித்து முடித்ததும் பஸ்ஸில் போகிறவர்கள் அரூருக்கே வந்து தீர்த்தமலை பஸ்ஸுக்கு மாறிக்கொள்வது சுலபம், அங்கிருந்து மலை சுமார் 16 கிலோமீட்டர். காலை ஆறரை, ஏழு மணிக்கெல்லாம் ஆற்றில் இருக்கும்படி கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மலை ஏறுவது, அதுவும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறுவது, வீண் கஷ்டம்.

எந்த நாளில் போவது என்று கேட்டால், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் பிடிக்கும் என்றால் ஆடிப்பெருக்கு. ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில் வரும். அன்றைக்கு அனுமன்தீர்த்தத்தில் விடியற்காலையிலேயே டிராக்டரிலும் மினி வேனிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். குலதெய்வத்தின் சூலம், வேல், கத்தி எல்லாவற்றையும் மேளத்தோடு கொண்டுவந்து ஆற்றில் கழுவி, பொட்டு வைத்துத் திரும்ப எடுத்துப் போகிறவர்களைப் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி டி.அம்மாபேட்டையிலும் ஆற்றங்கரையில் அம்மன் கோவில் இருக்கிறது, அங்கேயும் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மாசி மாதத்தில் தீர்த்தமலைத் திருவிழாவும் தேரும். திதி, தர்ப்பணம் கொடுக்கிறவர்களுக்கு ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகள். எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லாத ஒரு சாதாரணத் திங்கட்கிழமை. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போவதென்றால் அப்படி ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு வேலை இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று விசாரியுங்கள். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் கே.ஆர்.பி. அணை என்று இறங்கித்தான் அனுமன்தீர்த்தம் வருகிறது. கே.ஆர்.பி. அணையின் மொத்த உயரம் 52 அடி. நீர்மட்டம் அதை நெருங்கிவிட்டது, உபரி நீர் திறந்திருக்கிறார்கள், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் அன்றைக்கு முழுக்கே வேண்டாம், கரையில் இருந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அதையும் போலீஸோ ஊர்க்காரர்களோ வேண்டாம் என்றால் தலையில் நாலு துளி தெளித்துக்கொண்டு மலைக்குப் போய்விடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது ஞாபகம் இருக்கும். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் கீழே வந்து நிற்கும், அதுதான் இந்த ஆற்றின் சுபாவம். இதற்கு நேர்மாறாகத் தண்ணீரே இல்லாத ஆடியும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருஷம் ஆறு முழுக்க மணல், எங்கள் பெரியப்பா முழங்கால் ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, ஊறி ஊறி வந்த தண்ணீரை ஆளுக்கு மூன்று சொம்பு ஊற்றிவிட்டார். அன்றைக்குக் குளித்த மாதிரி நிறைவு வெள்ளத்தில் குளித்தபோதுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

எடுத்துப்போக வேண்டியது: இரண்டு செட் மாற்றுத் துணி (இரண்டு இடத்தில் நனையப்போகிறீர்கள், ஒரு செட்டோடு வந்து ஈரத்தோடு பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்), துண்டு, ஒரு சொம்பு, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், கற்பூரம். ஆடி 18 என்றால் மஞ்சள் கயிறும், ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசியும். கட்டுச்சோறு புளியோதரையாக இருந்தால் மதியம் வரை கெடாது. ஈரத் துணி போட ஒரு பை. எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டுங்கள், காரணம் மலையில் வரும்.

ஆற்றில் இறங்கும்போது சட்டென்று கால் வைக்காமல், குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவது எங்கள் வழக்கம். தாய் மேல் கால் படுகிறதே, அனுமதி கேட்க வேண்டாமா. இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். மணல் அள்ளின குழிகள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது, ஒரு அடி எடுத்து வைத்தால் கழுத்தளவு. பாறை ஓரம் பாசி வழுக்கும். ஊர்க்காரர்கள் குளிக்கிற இடத்திலேயே குளியுங்கள், குழந்தையின் கையை எந்த நேரத்திலும் விடாதீர்கள், செல்ஃபிக்காகக்கூட. மூன்று முழுக்கு போதும். ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம், மேலே ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், வாயில் வைக்கவே மனசு வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆயா அதே தண்ணீரில் சோறு பொங்கினார்.

முழுக்குப் போட்ட பிறகு கரையில் கன்னிமார் வைப்பதை, அதாவது ஏழு கன்னித் தெய்வங்களைக் கல்லாக நிறுத்திக் கும்பிடுவதைத் தவறவிடாதீர்கள். ஆற்றிலேயே உள்ளங்கை அளவில் ஏழு கூழாங்கற்கள் பொறுக்கி, நன்றாகக் கழுவி, ஈர மணலை மேடாகத் தட்டி அதில் வரிசையாக நிறுத்த வேண்டும். மஞ்சளை ஆற்று நீரில் குழைத்து ஒவ்வொரு கல்லுக்கும் பூசி, நடுவில் குங்குமம். கல் ஈரமாக இருக்கும்போதே பூசினால் மஞ்சள் ஒட்டாமல் வழிந்துவிடும், துண்டால் ஒற்றிவிட்டுப் பூசுங்கள், அத்தை சொல்லிக்கொடுத்த நுணுக்கம். வெற்றிலை மேல் காப்பரிசி, பழம், தேங்காய் உடைத்துக் கற்பூரம். புதிதாகக் கல்யாணமானவர்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள், மற்ற பெண்களுக்கு வயதில் மூத்த சுமங்கலி யாராவது மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கேளுங்கள், மறுக்கவே மாட்டார்கள். கடைசியில் காப்பரிசியைச் சுற்றி நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் நாம் சாப்பிடுவது.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பழைய துணியை ஆற்றில் விடாதீர்கள். பீடை கழியும் என்று யாரோ சொல்லி, கட்டியிருந்த சேலையையும் வேட்டியையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். போன முறை நான் முழுகும்போது காலில் ஒரு நைலக்ஸ் சேலை சுற்றிக்கொண்டது, உதறி வெளியே வருவதற்குள் உயிர் போய் வந்தது. நீச்சல் தெரிந்த எனக்கே அப்படி. வெற்றிலையும் பூவும் மண்ணோடு போகும். குங்குமப் பாக்கெட், கற்பூர டப்பா, பிளாஸ்டிக் வளையல், சேலை எதுவும் போகாது, பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். கரையில் இருக்கிற அனுமந்தீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

தீர்த்தமலை அடிவாரத்திலும் ஒரு கோவில் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தி மேலே இழுக்க வேண்டாம், அவர்கள் அங்கேயே கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும். மேலே ஏறுகிறவர்கள் நின்று நின்று ஏறுங்கள். வழி நெடுகக் குரங்குகள். பளபளவென்று கேரி பேக் தெரிந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும், துணிப்பை என்று சொன்னது இதற்காகத்தான். தேங்காய், பழத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், எதையும் கையில் காட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

ராமர் தீர்த்தத்துக்கு வந்ததும் அவசரப்படாமல் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். கிட்டத்தட்ட 30 அடி உயரத்தில் பாறை இடுக்கில் இருந்து தண்ணீர் விழுகிறது. அருவி மாதிரி பெரிதாக எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவதுண்டு. கோடையில் நூல் மாதிரி இறங்கும், மழைக்குப் பிறகு கொஞ்சம் பருமனாகும், அவ்வளவுதான். ஆனால் உச்சந்தலையில் நேராக விழும்படி நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். முதல் சொட்டு சுளீரென்று இருக்கும், நாலைந்து விநாடியில் தலை மரத்துப்போகிற குளிர்ச்சி, அப்புறம் நகரவே மனம் வராது. பின்னால் வரிசை நிற்கிறது, நகர்ந்துதான் ஆக வேண்டும். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம், தரை வழுக்கி வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள்.

இங்கே குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று இன்னும் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கை அள்ளித் தெளித்துக்கொள்ளுங்கள். அகத்தியர் தீர்த்தம் வயிற்றுக் கோளாறுக்கு நல்லது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஈரம் மாற்றிக்கொண்டு தீர்த்தகிரீஸ்வரர் சந்நிதி, அப்புறம் வடிவாம்பிகை அம்மன். அருணகிரிநாதர் இந்த மலைக்கு வந்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார், அதனால் முருகன் சந்நிதியில் திருப்புகழ் தெரிந்தவர்கள் ஒன்று பாடிவிட்டு வாருங்கள், யாரும் இல்லாத நேரத்தில் கல் மண்டபத்தில் குரல் அழகாகத் திரும்பி வரும். கும்பிட்டு முடித்து வெளியே வந்து கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள், குரங்கு விடாது. இறங்கி அடிவாரத்தில் சாப்பிடுங்கள். எப்படியும் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

ஒகேனக்கல்லுக்குப் போய்க் காவிரியில் முழுகுவதா இங்கே வருவதா என்று கேட்கிறவர்களுக்கு: ஆடிப்பெருக்கில் ஒகேனக்கல் பெரிய ஆறு, பெரிய விழா, நீர்வரத்து கூடினால் குளிக்கத் தடையும் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே நாளில் ஓட்டமாக ஓடிப் பார்க்க நினைக்காதீர்கள்.

தீர்த்தம் பிடித்து வர நன்றாக மூடி இறுகுகிற ஒரு பாட்டில் கொண்டுபோங்கள், ராமர் தீர்த்தத்தில் குளிப்பதற்கு முன்பே பிடித்துவிடுவது நல்லது, அப்புறம் மறந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் செம்புச் சொம்பில் ஊற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள். மலை ஏற முடியாமல் தெருவில் யாராவது தாத்தாவோ ஆயாவோ இருந்தால் அவர்கள் உள்ளங்கையில் ஒரு மூடி ஊற்றிவிட்டு வாருங்கள், தலையில் தெளித்துக்கொண்டு, "ஆத்துல தண்ணி எவ்வளவு போவுது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.