பழைய டீசல் வேனுக்கு எக்ஸாஸ்ட் பிரேக்: எங்கே கோட்டை விடுகிறோம்

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் வண்டிக்குள் ஒரு நாற்றம் ஏறிவிட்டது. பின்கட்டிலில் படுத்திருந்த அம்மா, "ஏங் கண்ணு, ஏதோ தீயுதாட்டம் இருக்குது, அடுப்பக் கிடுப்பப் பாரு" என்றார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன் டிரம் இரண்டிலும் புகை. லைனர் கருகிய நாற்றம்.

பழைய ஸ்கூல் மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, பீரோ, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றி ஊர் சுற்றும் வீடாக்கியிருந்தோம். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. பிரேக் மட்டும் அதே பழைய பிரேக். எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. மாட்டினோம், கழற்றினோம், மறுபடியும் மாட்டினோம். முதல் முறை மாட்டிய பட்டறைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சைலன்சர் பைப்பை அறுத்து நடுவுல ஒரு வால்வு வெக்கற வேலைதானுங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சர்லாம்." நாங்கள் செய்த தப்பு எல்லாமே இந்த ஒரு வரியை நம்பியதிலிருந்து வந்ததுதான்.

டீசல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் காற்று உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் போல அதை அடைக்கும் கதவு கிடையாது. அதனால் இறக்கத்தில் எஞ்சின் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயில் ஒரு பட்டர்ஃபிளை வால்வு. அதை மூடினால், சிலிண்டர்களின் புகையெல்லாம் வந்து சேரும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும். ஒவ்வொரு பிஸ்டனும் அந்த அழுத்தத்துக்கு எதிராக முக்கித் தள்ள வேண்டும். எஞ்சின் ஒரு கம்ப்ரஸர் போல ஆகிவிடும், அதைச் சுற்ற வைக்கிற சிரமத்தில் வண்டி அடங்கும். அதாவது வால்வு இருப்பது குழாயில் என்றாலும் பாரம் சுமப்பது எஞ்சின். மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியதும் எஞ்சினைத்தான்.

மூடிய வால்வு முழுக்க அடைக்காது. தட்டில் ஒரு சின்ன ஓட்டையோ ஓரத்தில் கொஞ்சம் இடைவெளியோ விட்டிருப்பார்கள். அழுத்தம் எவ்வளவு ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த ஓட்டைதான். எங்கள் பட்டறையில் "ஓட்டை இருந்தா எப்படிங்க புடிக்கும்" என்று அதை வெல்டு வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. எஞ்சின் வால்வுகள் தட்டும் டேப்பட் சத்தமும் கூடவே வந்தது.

நடந்தது இதுதான். குழாயில் மாட்டிய வால்வு வேறு, எஞ்சினுக்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு வேறு. இந்த எக்ஸாஸ்ட் வால்வை மூடி வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். மேனிஃபோல்டு எல்லா சிலிண்டருக்கும் பொது. ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும்போது, பக்கத்துச் சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், அதற்குள் அழுத்தம் குறைவு. மேனிஃபோல்டு அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால், மூடியிருக்க வேண்டிய அந்த வால்வு பின்னாலிருந்து தள்ளப்பட்டுத் திறந்து, மறுபடி சீட்டில் வந்து மடேர் என்று அடிக்கும். வால்வு சீட் கெடும். இன்னும் மிஞ்சினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அதோடு எஞ்சின் கதை முடிந்தது. அமெரிக்காவில் 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் வைத்திருப்பவர்கள், எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகளைக் கனமானதாக மாற்றிய பிறகுதான் 60 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏற்றுகிறார்கள். நம் வண்டியின் எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்று எஞ்சின் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு, குழாயில் பட்டர்ஃபிளை வால்வுக்கு முன்னால் ஒரு நட்டு வெல்டு வைத்து கேஜ் மாட்டி, இறக்கத்தில் உச்ச ஆர்பிஎம்மில் அளந்துகொள்ளுங்கள். கேஜ் இல்லாமல் "நல்லாப் புடிக்குது" என்பது ஒரு அளவே கிடையாது. கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் லாரியிலிருந்து கழற்றிய வால்வு மலிவாகக் கிடைக்கலாம். அது ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அளந்து செய்ததாக இருந்தால் நம் நாலு சிலிண்டருக்கு ஓட்டைக் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது வைக்கும் இடம். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவுக்குப் பின்னால், கூடுமானவரை அதற்குப் பக்கத்தில். தள்ளிப் போகப் போக நிரப்ப வேண்டிய குழாய் நீளும், அழுத்தம் ஏற நேரமாகும், ஒழுக இடமும் கூடும். முக்கியமாக, நெளிகிற ஃபிளெக்ஸி பைப் வால்வுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் இருந்தால் அந்த அழுத்தத்தில் சீக்கிரமே கிழிந்துவிடும். வால்வின் கனத்தை டர்போ தாங்கும்படி தொங்க விடக் கூடாது, எஞ்சினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ ஒரு பிராக்கெட் கொடுங்கள். பழைய வண்டியின் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கறுப்புக் கோடு தெரிந்தால் அது ஏற்கெனவே ஒழுகுகிறது, முதலில் அதை மாற்றுங்கள். டர்போ ஷாஃப்ட் ஆடுகிறது, எண்ணெய் கசிகிறது என்றால் அந்த வேலையை முடிக்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

இனி எங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது. பட்டறைக்காரர் டேஷ்போர்டில் ஒரே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். போட்டால் வால்வு மூடும், அணைத்தால் திறக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை திம்பத்தில் மச்சான் ஓட்டினான். மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்குப் போக கிளட்ச்சை மிதித்தான். சக்கரம் எஞ்சினைச் சுற்றுவது நின்றது, புகைக்கு வழியில்லை, எஞ்சின் டப்பென்று அணைந்தது. அணைந்த மறுநொடி ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. கால் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றுவது, அதுவும் நின்றது. பூஸ்டரில் மிச்சமிருந்த வாக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். நல்ல வேளையாகக் கியர் விழுந்தது, கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் உருண்டு பிடித்துக்கொண்டது. மச்சான் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

அதனால் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச், ஆக்சிலரேட்டரில் ஒரு சுவிட்ச், இரண்டும் கட்டாயம். எதை மிதித்தாலும் வால்வு உடனே திறக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் சுவிட்ச் பெடலின் ஃப்ரீ பிளே (டீசல் ஏறும் முன் உள்ள வெற்று அசைவு) முடிவதற்குள் விடுபட வேண்டும், இல்லாவிட்டால் மூடிய குழாய்க்குள் டீசலைக் கொட்டுவோம், கறும்புகை தள்ளும், எக்ஸாஸ்ட் வால்வு பொசுங்கும். பழைய மெக்கானிக்கல் பம்பில் காலை எடுத்தால் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தானாக டீசலை நிறுத்தும், ஆனால் ஆர்பிஎம் ஐடிலிங்குக்கு இறங்கியதும் எஞ்சினை அணையவிடாமல் மறுபடி டீசல் கொடுக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வால்வு மூடியிருந்தால் இரண்டும் சண்டை போடும். ஐடிலிங்குக்குச் சற்று மேலேயே வால்வைத் திறந்துவிடும் ரிலே ஒன்று சேர்த்தால் நிம்மதி. ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்துக் கட்டி ஐடிலிங்கைக் கூட்டி வைத்திருக்கும் வண்டியில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பாதி பழைய வேன்களில் அப்படித்தான் இருக்கிறது.

வால்வை மூட வாக்குவமோ காற்றோ வேண்டும். அதை பிரேக் பூஸ்டர் ஹோஸில் நேராக ஒரு டி போட்டு எடுப்பதுதான் சுலபம், மோசமும் அதுவே. எக்ஸாஸ்ட் பிரேக்கின் வால்வை இழுக்கும் ரப்பர் டயஃப்ரம் ஒன்று கிழிந்தால் கால் பிரேக்கும் சேர்ந்து போகும். தனியாக ஒரு சின்ன வாக்குவம் டேங்க், நடுவில் ஒன்வே வால்வு. ஏர் பிரேக் வண்டியாக இருந்தால், பிரேக் டேங்கைத் தொடாமல், புரொடெக்‌ஷன் வால்வுக்கு அப்புறம் உள்ள உபரி லைனிலிருந்து எடுக்க வேண்டும். காற்றோ கரண்டோ போனால் ஸ்பிரிங் வால்வைத் திறந்து வைக்க வேண்டும். மூடி வைக்கும்படி மாட்டிவிட்டால் நடு ஏற்றத்தில் நின்றுவிடுவீர்கள்.

சில்லறை விஷயங்கள் சில. வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து, வால்வுக்கு வாக்குவத்தையோ காற்றையோ திறந்துவிடும் மின்காந்த சொலினாய்டு வாங்குங்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் ஓடும் வீட்டு பேட்டரியிலிருந்து இதற்கு கரண்ட் எடுக்காதீர்கள், இரவு முழுக்க ஃபேன் ஓடியிருந்தால் காலையில் மலையிறங்கும்போது சொலினாய்டு இழுக்காது. பட்டர்ஃபிளை ஷாஃப்டுக்குச் சாதாரண கிரீஸ் வைத்தால் வெந்து கட்டியாகி வால்வு இறுகும், சூடு தாங்கும் கிராஃபைட் வகை வேண்டும். மாதக்கணக்கில் தொடாமல் விட்டாலும் கரி பிடித்து இறுகும், சமவெளியிலும் அவ்வப்போது போட்டுப் பாருங்கள். கால் பிரேக்கை மிதிக்காததால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது, ஒரு ரிலே போட்டு எரிய வையுங்கள். மாற்றி அமைத்த வண்டிக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. வேனை வீடாக்கியதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டுவிட்டு பிரேக்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால், விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

சரி, எல்லாம் ஒழுங்காக மாட்டியாயிற்று. டாப் கியரில் போட்டுக்கொண்டு "ஒண்ணும் புடிக்கலையே" என்பார்கள். ஆர்பிஎம் இருந்தால்தான் இது வேலை செய்யும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அதற்காக சிவப்புக் கோட்டைத் தாண்டவும் விடக் கூடாது. இன்னொன்று, இது பின் சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளில் மழைக்காலத்தில் சருகு ஈரமாகக் கிடக்கும். அங்கே வளைவுக்குள் நுழைவதற்கு முன் அணைத்துவிடுவது நல்லது, பின்பக்கம் வழுக்கினால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

எக்ஸாஸ்ட் பிரேக் வந்துவிட்டதே என்று கால் பிரேக்கை மறக்கிறவர்களும் உண்டு. வண்டியை நிறுத்துவது எப்போதும் கால் பிரேக்தான். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். எங்கள் வண்டியில் அந்த ஆயில் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, எத்தனை வருஷத்துப் பழசோ தெரியாது. எக்ஸாஸ்ட் பிரேக்குக்குக் கொடுத்த காசில் கால்வாசி கூட ஆகவில்லை அதை மாற்ற. கூடவே லைனரும் வீல் சிலிண்டரும் மாற்றினோம். இதை முதலில் செய்திருக்க வேண்டும், கடைசியில்தான் செய்தோம்.

மூன்றாவது முறை இறங்கியபோது மச்சான்தான் ஓட்டினான், இரண்டாவது கியரில், காலை பிரேக்கின் மேல் சும்மா வைத்துக்கொண்டு. கீழே பண்ணாரி அம்மன் கோவில் பக்கம் நிறுத்தி டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். சூடு இருந்தது, நாற்றம் இல்லை. பக்கத்தில் நின்ற வேன்காரர் ஒருவர் தன் வண்டியில் புகைந்த டிரம்மின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றப் போனார். மச்சான் ஓடிப்போய், "அண்ணா, ஊத்தாதீங்க, விரிசல் உட்ருமுங்க" என்று குடத்தைப் பிடித்துக்கொண்டான்.