பையில் போட்டுக்கொண்டு போகிற வோல்ட்மீட்டர்: லேபுக்கு நாமே செய்யலாம்

கடையில் மல்டிமீட்டர் கிடைக்கிறதே, இது எதற்கு என்று கேட்பீர்கள். மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும் என்றால் ஒன்றைச் செய்துதான் பார்க்க வேண்டும். இது 0 முதல் 20 வோல்ட் வரை டிசி அளக்கும். வீட்டு 230 வோல்ட் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

தேவையானவை: ஆர்டுயினோ ப்ரோ மினி (ப்ரோகிராம் ஏற்றக்கூடிய சின்னச் சிப் போர்டு; 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகை), 0.96 அங்குல ஓஎல்இடி திரை, 18650 லித்தியம் செல், ஹோல்டர், டிபி4056 சார்ஜர் போர்டு, 180 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு சுவிட்ச். சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. ஆர்டுயினோ நானோ போர்டு வேண்டாம்: 16 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சிப்புக்குச் சுமார் 3.8 வோல்ட்டாவது வேண்டும், லித்தியம் செல் சீக்கிரமே அதற்குக் கீழே இறங்கிவிடும். பூஸ்ட் போர்டு வைத்து 5 வோல்ட்டுக்கு ஏற்றலாம்தான், ஆனால் அதன் இரைச்சல் ரீடிங்கில் ஆடும், எனக்குப் பிடிக்காது.

டிபி4056 வாங்கும்போது பாதுகாப்புச் சிப் உள்ளதையே கேளுங்கள், அதில் பேட்டரிக்கு ஒரு ஜோடி, அவுட்புட்டுக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக இருக்கும். செல் பேட்டரி ஜோடிக்கு, மற்றதெல்லாம் சுவிட்ச் வழியாக அவுட்புட் ஜோடியிலிருந்து ப்ரோ மினியின் ரா பின்னுக்கு (போர்டுக்கு மின்சாரம் நுழையும் பின்). செல்லைத் திருப்பிப் போட்டால் போர்டு போச்சு. செல்மேல் நேரடியாகச் சால்டர் வைக்கவும் வேண்டாம்.

அடுத்து டிவைடர், அதாவது அளக்கும் வோல்டேஜைச் சிப் தாங்கும் அளவுக்குக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். அளக்கும் முனையிலிருந்து 180 கிலோ, அங்கிருந்து ஏ0 பின் (சிப் வோல்டேஜை அளக்கும் இடம்), அங்கிருந்து 10 கிலோ வழியாகக் கிரவுண்ட். மீட்டரின் கறுப்பு முனையும் இந்தக் கிரவுண்டில்தான். கெபாசிட்டர் 10 கிலோவுக்குக் குறுக்கே. 20 வோல்ட் 19-ல் ஒரு பங்காகி 1.05 ஆக வரும்.

சரி, எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். சிப் எதையும் தனியாக அளப்பதில்லை, ஒரு ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு 1024-ல் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த ரெஃபரன்ஸ் சப்ளை வோல்டேஜ்தான், அதனால் செல் தீரும் நேரத்தில் சப்ளை சரிய, ரீடிங் தானாக ஏறும், நீங்கள் சர்க்யூட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ப்ரோகிராமில் ரெஃபரன்ஸை 'இன்டர்னல்' என்று மாற்றுங்கள். அது பெயருக்குத்தான் 1.1 வோல்ட், சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். நண்பனிடம் நல்ல மல்டிமீட்டர் வாங்கி சிப்பின் ஏரெஃப் பின்னில் (ரெஃபரன்ஸ் வோல்டேஜ் தெரியும் கால், ப்ரோ மினியின் ஓரப் பின்களில் இது இருக்காது, சிப்பின் காலிலேயே தொட வேண்டும்) அளந்து, வந்த எண்ணையே ப்ரோகிராமில் போடுங்கள். ஒரு விஷயம், மாற்றச் சொல்லும் வரி ஓடினால் மட்டும் அந்தப் பின்னில் ஒன்றும் மாறாது, ஒரு தடவையாவது அனலாக் ரீட் (ஏ0-வை அளக்கச் சொல்லும் கட்டளை) நடந்த பிறகுதான் மாறும். முதல் சில ரீடிங்குகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கணக்கு: ரீடிங் × அளந்த ரெஃபரன்ஸ் × 19 ÷ 1024. ஒரு படி சுமார் 20 மில்லிவோல்ட், அதனால் திரையில் மூன்று தசம இடம் காட்டுவது வெறும் பந்தா.

பிற்சேர்க்கை: சார்ஜ் போட்டுக்கொண்டே அளக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். யூஎஸ்பி கேபிள் வழியாக மீட்டரின் கிரவுண்ட் கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு சேர்ந்துவிடும், கறுப்பு முனையை எர்த் ஆன சர்க்யூட்டில் வேறு எங்கேயாவது வைத்தால் நேராக ஷார்ட்தான். ப்ரோகிராம் ஏற்றும் கேபிளுக்கும் இதே கதைதான், அளப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள்.