புவியியல் மாணவர்களை ஆசிரியர் பணிப் பக்கம் திருப்ப

‘ஆசிரியர் பணி அறப்பணி’ என்று அரை மணி நேரம் பேசினால் கடைசி பெஞ்ச் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும். ஜிஐஎஸ் (கணினி வழிப் புவியியல் தகவல்) கம்பெனி, குரூப் தேர்வு என்று பேசிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சு வேண்டாம். ஒரு பள்ளி வகுப்பை 25 நிமிடம் கையில் கொடுங்கள்.

இரண்டாம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான சமயம். செப்டம்பரில் பள்ளியில் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பைக் கேளுங்கள், பத்தாம் வகுப்பை யாரும் தரமாட்டார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டதோடு நிற்காமல், மாநகராட்சிக் கல்வித் துறைக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

பாடத்துக்கு சம உயரக் கோடு (வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) நல்லது. செலவு ஒரு உருளைக்கிழங்கு. பாதியாக வெட்டித் தட்டைப் பக்கம் கீழே வைத்து, மேலிருந்து இரண்டு பல்குச்சிகளை நேராகக் குத்தி எடுக்க வேண்டும். பிறகு ஒரு செ.மீ. கனத்தில் கிடைமட்டமாக நறுக்கி, பெரிய வில்லையிலிருந்து ஒவ்வொன்றாகத் தாளில் வைத்துச் சுற்றி வரையலாம். இரண்டு துளைகளும் ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில் உட்கார வேண்டும். ஒரே துளை போட்டால் வில்லை சுழன்று, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அதையே பிள்ளைகள் சரியென்று எழுதிக்கொள்வார்கள். உருண்டைக் கிழங்கும் வேண்டாம். ஒரு பக்கம் சரிந்த கோணல் கிழங்கில்தான், கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்பது கண்ணுக்குத் தெரியும்.

மெரினா ஏன் அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் ஏன் அரித்தது என்பதும் அருமையான பாடம்: வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தெற்கிலேயே தடுத்துவிட்டது. சென்னையில் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி வரும் நிழலில்லா நாளை (நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள்) மட்டும் நம்பிப் போகாதீர்கள், மேகம் கவிழ்த்துவிடும்.

வழக்கமாகச் சொதப்புவது கல்லூரி நோட்ஸை அப்படியே வாசிப்பதில். அதனால் வகுப்புக்கு முந்தைய நாளே உங்கள் முன்னால் ஒருமுறை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காமல், ‘எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தேடிப் பிடித்துப் படிப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். பி.எட். இரண்டு ஆண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60தான். குழந்தை உளவியல், தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் 30. புவியியலை மட்டும் கரைத்துக் குடித்தவர் சறுக்குவது இந்த 90-இல். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு முதுகலையும் பி.எட்.டும் சேர்ந்தே வேண்டும்.

இன்னொன்று: பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் ஒரே பாடம். வரலாறும் குடிமையியலும் பொருளியலும் அவர் தலையில்தான் விழும். அதை பி.எட். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.