பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஆவணப்படப் பட்டறை: முதன்முறை நடத்துபவர்களுக்கு

உயர்தர வகுப்பு (ஏ.எல்) மாணவர்களுக்கு ஆவணப்பட நாள் நடத்தப் போகிறோம் என்று யாராவது வந்தால் நான் முதலில் சொல்வது, படங்களைக் குறையுங்கள் என்பதுதான். காலையிலிருந்து ஆறு படம் போட்டால் மூன்றாவதிலேயே பின்வரிசை தூங்கிவிடும். காலையில் ஒன்றோ இரண்டோ காட்டினால் போதும். மீதி நேரம் பிள்ளைகள் வெளியே போய்த் தாங்களே எடுக்கட்டும். நாற்பது பிள்ளைகள், ஒரு மண்டபம், ஒரு சனிக்கிழமை என்ற கணக்கில் எழுதுகிறேன்.

1. நாளும் அனுமதியும்

சனிக்கிழமை என்றால் ரியூசன் குறுக்கே வரும். பிள்ளைகளிடமே கேட்டு நாளைக் குறியுங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், ஐப்பசி கார்த்திகை மழையும் வேண்டாம். அதிபரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவிக்க வேண்டுமா என்பதை அவரே சொல்வார். பெற்றோருக்கான கடிதத்தில், பிள்ளை பள்ளிக்கு வெளியே போகும் என்பதையும் படத்தில் தோன்றலாம் என்பதையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

2. மண்டபத்தை முதல் நாளே பாருங்கள்

நான் முதன்முறை நடத்தியபோது முதல் நாள் பின்னேரம் போய் மல்டிமீடியாவை (புரொஜெக்டரை) போட்டுப் பார்த்தேன். படம் பளிச்சென்று விழுந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிழக்குப் பக்க யன்னல்களால் வெயில் கொட்ட, திரையில் ஆட்களின் நிழல்கூடத் தெரியவில்லை. இரண்டு பெடியள் சைக்கிளில் பறந்து போய்க் கறுப்புப் பொலித்தீன் வாங்கி வந்து கட்டி முடிக்கப் பத்தேகால். ஆகவே எந்த நேரம் படம் போடுவீர்களோ அதே நேரத்தில் சோதியுங்கள்.

மல்டிமீடியாவுக்குள் இருக்கும் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். காலைக்கூட்டத்துக்குப் பாவிக்கும் ஒலிபெருக்கியில் இணையுங்கள். மின்விசிறிகளைச் சுற்றவிட்டுக் கடைசி வரிசையில் இருந்து கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, வசன வரிகளை யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தந்தால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் வரும். யூனிகோட்டுக்கு மாற்றி, கோப்பை யூ.டி.எப்-8 ஆகச் சேமியுங்கள்.

3. எந்தப் படம்?

புதிய படம் என்றால் எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். யூடியூபில் இருப்பது மண்டபத்தில் போடுவதற்கான அனுமதி ஆகாது.

பேச்சைத் தொடக்க எனக்குக் கைகொடுப்பது 1922இல் ரொபேர்ட் ஃபிளாஹேர்ட்டி எடுத்த 'நனூக் ஒஃப் த நோர்த்', பனிப் பிரதேசத்து இனுயிட் மக்களைப் பற்றிய ஆவணப்படம். முழுவதும் வேண்டாம், பனிவீடு கட்டும் பகுதி மட்டும் போதும். மௌனப்படம், மொழிச் சிக்கலும் குறைவு. போட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்: உள்ளே காட்சி எடுக்க வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்தபடி பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டித்தான் எடுத்தார்கள். "அப்ப இது பொய்தானே சேர்?" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். எழுந்ததும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர்களைக் கதைக்க விடுங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும்.

போரைப் பற்றிய படம் என்றால் ஆசிரியர்களோடு முன்கூட்டியே முழுவதும் பாருங்கள். எந்தப் பிள்ளையின் வீட்டில் யாருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறது என்பது வெளியிலிருந்து வரும் நமக்குத் தெரியாது.

4. ஐந்து காட்சிப் பயிற்சி

அன்றைய நாளின் நடு இதுதான். ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றும் நடந்து போகும் தூரத்தில் கையால் வேலை செய்யும் ஒருவரைத் தேட வேண்டும். சைக்கிள் திருத்துபவரை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கைகள் மட்டும்: ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்குகிறார், குமிழி கிளம்புகிறது, பெருவிரல் அந்த இடத்தை மூடுகிறது. அடுத்தது முகம் மட்டும்: குமிழியைத் தேடும் கண். மூன்றாவது, அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பது. நான்காவது தள்ளி நின்று முழுக் கடை, தொங்கும் ரயர்கள், காத்திருக்கும் ஆள். ஐந்தாவது அவர்கள் இஷ்டம். ஒரு குழு போனைச் சில்லுக்குப் பின்னால் பிடித்துக் கம்பிகளுக்கு நடுவே அவருடைய முகத்தை எடுத்து வந்தது. நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

ஒவ்வொன்றும் பத்து விநாடி, போன் அசையக் கூடாது, சூம் வேண்டாம். போனைக் கிடையாகப் பிடித்து, ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அம்மாவின் கோல் வரும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ரியூப்லைற்றின் கீழ் சில போன்களில் படம் துடிக்கும்; கமெரா செயலியில் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் நின்றுவிடும்.

5. கேள்வியும் சத்தமும்

போனை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்: "ஐயா, நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள். நீங்கள் வேலை செய்யிறதை வீடியோ எடுக்கலாமோ? பின்னேரம் மண்டபத்தில போடுவம்." வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடை. இணையத்தில் போடுவதாக இருந்தால் அதற்கும் தனியாகக் கேளுங்கள்.

"எத்தனை வருசமா கடை நடத்திறீங்கள்?" என்றால் "இருபது" என்று முடிந்துவிடும். "முதல் முதலா ஒட்டுப்போட்ட சைக்கிள் ஞாபகமிருக்கோ?" என்று கேட்டால் கதை வரும். பதில் வரும்போது "ஓம், ஓம்" என்று சத்தம் போடாமல் தலையை மட்டும் ஆட்டப் பழக்குங்கள்.

சத்தத்துக்கு மைக் வாங்கத் தேவையில்லை. இன்னொரு போனில் மைக் உள்ள இயர்போனைக் குத்தி, அவருடைய சட்டையில் கொழுவி, ஒலிப்பதிவைப் போடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், வெட்டித் தொகுக்கும்போது படத்தையும் சத்தத்தையும் அந்தத் தட்டலில் பொருத்தலாம். கிளம்புமுன் யாரும் பேசாமல் அரை நிமிடம் கடையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டுகள் உறுத்தும் இடங்களை அது மூடும்.

6. வெட்டுவதும் காட்டுவதும்

சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம். கப்கட் போன்ற ஏதாவது செயலி போதும். எல்லை ஒன்றரை நிமிடம், சினிமாப் பாட்டு போடக் கூடாது. பாட்டுக்குத்தான் பெரிய சண்டை வரும், விட்டுக்கொடுக்க வேண்டாம். முடித்த கோப்பை வட்சப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும். டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

நாலரை மணிக்குத் திரையிடல். படத்தில் வந்தவர்களைக் காலையிலேயே அழைத்துவிட்டு, முன்வரிசையில் எட்டு நாற்காலி ஒதுக்கி வையுங்கள். தேத்தண்ணியையும் றோல்சையும் அவர்களுக்கு முதலில் கொடுங்கள். கடையைப் பூட்டிவிட்டு வர முடியாதவர்களிடம் மறுநாள் அந்தக் குழுவே போய்ப் போனில் போட்டுக் காட்டட்டும்.