சர்வீஸ் கவுன்டரில் உடனே தலையாட்டாதீர்கள்

பிறையிலிருந்து தினமும் பாலம் கடந்து ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். என் மைவி காருக்கு வெறும் எண்ணெய் மாற்றப் போன ஒரு நாள், எஞ்சினுக்குள் மருந்து ஊற்றிக் கழுவும் ஃபிளஷ், எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் சுத்தம், டயருக்கு நைட்ரஜன் என்று பில்லில் 280 வெள்ளி கூடிவிட்டது. வீட்டுக்கு வந்து கார் கையேட்டைத் திறந்தால், அந்த மூன்றுமே சர்வீஸ் அட்டவணையில் இல்லை.

அதனால் முதலில் அந்த அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாததைச் சொன்னால், “என் காரில் என்ன கோளாறு? காட்டுங்கள்” என்று கேளுங்கள்.

பிரேக் எண்ணெயை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். கேமரன் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூட்டில் அது கொதித்தால், பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற கார். கையேடு சொல்லும் கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள்.

ஏர்கோன் ஃபில்டரைப் பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து நாமே கழற்றலாம். பழையதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சக்கரங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அல்லது டயர் ஓரம் தேய்ந்தால் தேவை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், அதற்குத் தனிக் காசு வேண்டாம். எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு ஃபிளஷும் வேண்டாம்.

அப்புறம், சந்தேகமாக இருந்தால் விலையை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இங்கே சொன்னவற்றில் பிரேக் தவிர மற்றவை ஒரு வாரம் பொறுக்கும்.