நீளக்காது வௌவாலைத் தொந்தரவு செய்யாமல் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் வாசல் பெருக்கும்போது போர்ட்டிகோ மூலையில் பெரிய விட்டில் பூச்சியின் இறக்கை, ஒரு தவளைக் கால், பல்லி வால் என்று தினமும் ஒரே இடத்தில் கிடக்கிறதா? பெரும்பாலும் பூனைமேல்தான் பழி விழும். துடைப்பத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கொக்கியோ உத்திரமோ கம்பியோ இருந்தால், ராத்திரி அங்கே தொங்கியபடி சாப்பிட்டுவிட்டுப் போனது நீளக்காது வௌவாலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நான் சொல்வது மெகாடெர்மா லைரா என்கிற வகையை. இப்போது லைரோடெர்மா லைரா என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கிரேட்டர் ஃபால்ஸ் வாம்பயர் பேட் (பெரிய போலி ரத்தக்காட்டேரி வௌவால்) என்று பெயர், அந்தப் பெயராலேயே இதற்குக் கெட்ட பெயர். ரத்தத்தையே உணவாகக் கொண்ட வௌவால்கள் உலகத்தில் 3 வகைதான், மூன்றும் மெக்சிகோவில் தொடங்கி தென் அமெரிக்கா வரைக்கும்தான் இருக்கின்றன. நம் ஊர்க்காரர் இரையைப் பிடித்துச் சாப்பிடுகிறவர்: பெரிய பூச்சி, தவளை, பல்லி, சுண்டெலி, சின்னக் குருவி, சில சமயம் தன்னைவிடச் சின்ன வௌவால்.

சரி, எங்கே தேடுவது? பாழடைந்த மண்டபம், பழைய கோயிலின் இருட்டு அறை, குகை, பயன்படுத்தாத கிணறு. நான் அடிக்கடி போவது ஒரு கண்மாய்க் கரை மண்டபம். உள்ளே நுழைந்ததும் டார்ச்சை நேராகக் கூரையில் அடிக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். பகலில் ஒரு தடவை விரட்டிவிட்டால் அந்த வெளிச்சத்தில் அவை காக்கைக்கும் பருந்துக்கும் மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள். சேதி எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

தரையில் மென்று துப்பிய பழச் சக்கையும் வாதாங்கொட்டையும் கிடந்தால் அது பழந்தின்னி, நீங்கள் தேடுவது அதுவல்ல. எலிப் புழுக்கை மாதிரி இருந்து, குச்சியால் அழுத்தினால் பொலபொலவென்று தூளாகி உள்ளே பூச்சி ஓட்டின் மினுமினுப்பு தெரிந்தால் அது பூச்சி தின்னி. அதோடு இறகு, எலும்பு, தவளைக் கால் எல்லாம் சேர்ந்து கிடந்தால் நீளக்காதுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். ஒரு விஷயம், பகலில் தூங்கும் இடமும் ராத்திரி சாப்பிடும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் போர்ட்டிகோவில் இறக்கை மட்டும் கிடக்கிறது, வௌவாலைக் காணோம்.

உறுதி செய்ய ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும் என்றால் டார்ச் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு, சில நொடிகள் மட்டும், ஓரமாக அடித்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது காதுதான். உடம்பு 8 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், காது மட்டும் 4 சென்டிமீட்டர் வரைக்கும் நிற்கும். இரண்டு காதும் தனித்தனியாக இல்லாமல் நெற்றிக்கு மேலே அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், விளிம்பில் வெள்ளை முடி ஓரம் கட்டினாற்போல. காதுக்குள்ளே இரண்டாகப் பிளந்த ஒரு மடல். மூக்கின்மேல் நிமிர்ந்து நிற்கிற இலை மாதிரித் தோல். பெரிய கண். வெளியே தெரிகிற வால் கிடையாது. எலி மாதிரி நீள வால் தொங்கினால் அது எலிவால் வௌவால், அதுவும் நம் மண்டபங்களில் ஏராளம். எடை 40 முதல் 60 கிராம்தான். நான் முதல் தடவை பார்த்தபோது அது தூங்கிக்கொண்டிருக்கவில்லை, நான் கால் வைக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் காது லேசாகத் திரும்பியது. அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன், அதற்குப் பிறகு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன் (பாம்பும் தேளும் இருக்கிற இடம் என்றால் நீங்கள் ஷூவோடு போவதே சரி).

அந்தக் காது எதற்கு என்பதுதான் இந்த வௌவாலின் கதையே. மற்ற பூச்சி தின்னிகள் பெரும்பாலும் வானத்தில் பறந்தபடி, நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பி எதிரொலியை வைத்துப் பூச்சி பிடிக்கும். இதுவும் அந்த ஒலியை எழுப்பும், ஆனால் ரொம்ப மெதுவாக, கிசுகிசுக்கிற மாதிரி. வேட்டைக்குப் பெரிதும் நம்புவது இரை எழுப்புகிற சரசரப்பை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்துவும் ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலரும் இதைச் சோதித்து 1987-ல் வெளியிட்டார்கள். தரையில் நகர்ந்த தவளைமேல் வௌவால் பாய்ந்தது, அசையாமல் கிடந்ததைக் கண்டுகொள்ளவில்லை. சருகில் ஒரு தவளை தத்துகிற சத்தம் போதும் அதற்கு. மதுரைப் பக்கத்து வௌவால்களை வைத்து உலகத்துக்கே சொன்ன விஷயம் இது, நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

அதனால் பறக்கிறதைப் பார்க்க ஆசைப்பட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நன்றாக இருட்டிய பிறகு, மண்டபத்துக்கு வெளியே பத்துப் பதினைந்து அடி தள்ளி, உட்கார்ந்துவிடுங்கள். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரத்தில் சத்தமில்லாமல் ஒரு நிழல் போகும், அதுதான். பேசாதீர்கள், சிப்ஸ் பாக்கெட் பிரிக்காதீர்கள். நிலா வெளிச்சம் அதிகமான ராத்திரியில் நடமாட்டம் குறையலாம், அமாவாசையை ஒட்டிப் போங்கள். வௌவால் ஒலிக் கருவி இருந்தாலும் ரொம்பப் பக்கத்தில் வந்தால்தான் பதிவாகும், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் உள்ளே போகவே போகாதீர்கள். ஐந்து மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும், அபூர்வமாக இரண்டு. பால் தராத பொய்க் காம்பு ஒரு ஜோடி தாயின் அடிவயிற்றுப் பக்கம் உண்டு, குட்டி அதை வாயால் கவ்வித் தொங்கிக்கொண்டே தாயோடு பறக்கும். அந்த நேரத்தில் பயந்து பறந்தால் குட்டி கீழே விழலாம். விழுந்த குட்டியையும் வெறும் கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த வௌவால் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடிக்குப் பார்ப்பது போல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ந்த எச்சம் தூசியாகப் பறக்கிற இடத்தில் மாஸ்க் அவசியம்.

அப்புறம், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று. இறக்கை விழுகிற இடத்தில் பழைய நாளிதழை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் விழுந்ததை இடுக்கியால் எடுத்து, தேதி எழுதிய காகிதக் கவரில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். என் கவர்களில் கோடையில் வெட்டுக்கிளிக் காலும் பல்லி வாலும்தான். ஐப்பசியில் முதல் மழை பெய்து கண்மாய்க்குத் தண்ணீர் வந்த வாரம் எடுத்த கவரில் தவளை எலும்பு மட்டும் பதினொன்று இருந்தது.